அரிசி டப்பாவுக்குள் ஒரு மைக்ராஸ்கோப்

‘ஹா’ என்று ஒரு நீண்ட மூச்சு. அதன் பின்னால் ‘கீச்’ என்று துணி தேய்கிற ஓசை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சோதனை அறையில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் தினமும் கேட்ட சத்தம் இது. எட்டுப் பெண்கள் வரிசையாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, கடுகைவிடச் சின்னப் பல்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். சங்கு ஊதியதும் எட்டுப் பேரும் லென்ஸ்மேல் வாயால் ஊதி, முந்தானையால் துடைத்து, உறையைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்புவோம். சுத்தம் செய்துவிட்டோம் என்று நினைப்பு. உண்மையில் லென்ஸில் படரும் பூசணத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறோம். தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கிய நானும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி.

லென்ஸ் துடைக்கிற தொழிலில் கொஞ்ச நாள் இருந்தால் போதும், ஊரில் யார் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்பதுகூடத் தெரிந்துவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தபின், மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். கேமரா, பைனாகுலர், மைக்ராஸ்கோப், எது வந்தாலும் துடைத்துக் கொடுத்து, கூடவே ஈரம் புகாத டப்பா ஒன்றும் செய்து கொடுப்பேன். மழைக்காலம் முடிந்து பீரோவைத் திறந்து, கேமராவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே நூல் நூலாகப் படர்ந்திருப்பதைப் பார்த்து நெஞ்சு திக்கென்றவரா நீங்கள்? உள்ளே வாருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

சிவப்பு பல்பு

தொழிற்சாலையில் நாங்கள் ஊதி ஊதி இரண்டு மைக்ராஸ்கோப் கெட்டுப்போன பிறகு, பராமரிப்புப் பிரிவுக்காரர் ஒரு மர அலமாரி கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஒரே ஒரு ஜீரோ வாட் பல்பு. இரவும் பகலும் எரியும். அந்த இளஞ்சூடு ஈரத்தை அண்டவிடாது. இதைவிட மலிவான வைத்தியம் நான் இன்றுவரை பார்க்கவில்லை. அவசரத்துக்கு அவர் கையில் கிடைத்தது சிவப்பு பல்பு.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி ஒரு வாரம் அந்த அலமாரிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் இடத்தில் உட்காருவாள். நாங்களும் சொல்லவில்லை, பார்க்க நன்றாக இருந்தது. எட்டாம் நாள் மெதுவாக என் பக்கத்தில் வந்து கேட்டாள்: “யக்கா, தப்பா நெனைக்காதீய. உள்ள இருக்கது எந்த சாமி?”

கண்ணா, கண்ணாடியா

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் கையில் ஒரு துண்டு மூட்டையோடு வாசலில் நின்றாள். பெயர் லூர்துமேரி. ஊர் நாகரசம்பட்டி. கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு தனியார் வித்தகத்தில் வேலை. பட்டுப்பூச்சி முட்டை தயாரிக்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். வித்துக்கு ஓர் அகம், வித்தகம். இவ்வளவு அழகான பெயரை வைத்த அதிகாரி யாரோ, அவருக்கு என் வணக்கம்.

முட்டை இட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் லூர்துவின் வேலை. தாய்க்கு நோய் இருந்தால் நீள்வட்டமாகச் சின்னச் சின்ன மணிகள் மினுங்கும். ஒன்று தெரிந்தாலும் அந்த முட்டைகளை எரித்துவிட வேண்டும். பதினாறு வருஷமாக அவள் கண் தப்பியதில்லை. அந்தப் பருவத்தில் தப்பிவிட்டது. அவள் ‘நல்லது’ என்று அனுப்பிய முட்டையை வாங்கிய விவசாயிகளுக்குப் புழு எல்லாம் செத்தது. ஒருவர் செத்த புழுவை ஒரு முறத்தில் அள்ளிவந்து அவள் மேசையில் கொட்டிவிட்டுப் போனார். முதலாளி முனிராஜ் கத்தவில்லை. ‘கண்ணு போச்சு போல லூர்து. அடுத்த மழைக்காலத்து முட்டை வரைக்கும் பாக்கறேன். அதுலயும் தப்பினா தட்டு கழுவப் போயிரு’ என்றார்.

மைக்ராஸ்கோப்பின் லென்ஸை முதலாளிக்குத் தெரிந்தே கழற்றி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். நான் அதை விளக்கடியில் பிடித்துப் பார்க்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். “கண்ணு போச்சா, கண்ணாடி போச்சா? எதுன்னாலும் நேரா சொல்லிருங்கம்மா” என்றாள். கண்ணாடிதான். ஓரத்திலிருந்து நடுவரைக்கும் வேர் விட்டிருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் அந்த மணிகள் பனிமூட்டத்தில் போன ஆடு மாதிரிதான். சொன்னேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் துண்டை நான்காக மடித்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க சொன்னா நான் நம்புவேம்மா. முதலாளி எங்கண்ணு வழியா பாக்கமாட்டாரே.”

வேகாத ஜவ்வரிசி

அவளுக்காகச் செய்த டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்துகொள்ளலாம். மூடியில் ரப்பர் வளையம் உள்ள பெரிய அரிசி டப்பா. அடியில் ஒரு துணிப்பையில் சிலிக்கா மணி. மூடியின் உட்புறம் ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர். முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நின்றால் பூசணத்துக்குப் பசி எடுக்காது. தோல் உறையை உள்ளே வைக்காதீர்கள், அது பூசணத்துக்குச் சோறு. மணியில் வெள்ளை உண்டு, நீலம் உண்டு. நீலம் ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும். அப்போது எடுத்து, சமையலுக்கு உபயோகிக்காத வாணலியில் மெல்லிய தீயில் வறட்டினால் மறுபடி நீலம். வறுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அதே வாரம் காவேரிப்பட்டினத்துக் கல்யாண போட்டோகிராபர் ஒருவருக்கு வெள்ளை மணி ஒரு கிலோ கொடுத்தனுப்பினேன். பையைச் சமையல்மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று வீட்டில் விருந்து. அவருடைய மாமியார் அதைத் தண்ணீரில் போட்டிருக்கிறார். காய்ந்த சிலிக்கா தண்ணீர் பட்டால் படபடவென்று வெடிக்கும். அந்தம்மா பயப்படவில்லை, ‘நல்ல முத்தல் போல’ என்று ஒன்றரை மணி நேரம் வேகவைத்திருக்கிறார். யாரும் வாயில் வைக்கவில்லை, தெய்வம் உண்டு. மாலையில் அந்தம்மாவே எனக்குப் போன் செய்தார்: “ஏங்க, சேலத்து ஜவ்வரிசியே நாலு கொதியில வெந்துருங்க. நீங்க எந்தக் கடையில வாங்கறீங்க?”

அன்றிலிருந்து ஒவ்வொரு பையிலும் ‘இது உணவு அல்ல’ என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் என் கையாலேயே எழுதி ஒட்டுகிறேன்.

பூஸ்ட்டு

அத்திப்பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர் பைனாகுலரோடு வந்தார். எனக்குக் கன்னடம் கடைக்குப் போய்வர மட்டும் போதுமான அளவு. அவர் சொன்னார்: ‘லென்ஸ்கெ பூஸ்ட்டு ஹிடிதிதே அம்மா.’ எனக்குத் தெரிந்த பூஸ்ட் பாலில் கலக்கிக் குடிக்கிறது. வீட்டில் பேரக்குழந்தை கொட்டியிருக்கும் என்று நினைத்து, ‘பாலோடு கொட்டியதா, வெறும் பொடியா?’ என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் கவனமாகப் பார்த்தார். கடை மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் பலகையை எட்டிப் படித்தார். கன்னடத்தில் பூசணத்துக்கு அதுதான் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

பைனாகுலர் அவருக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. தம்பியின் கேழ்வரகுக் கொல்லையில் பரண்மேல் உட்கார்ந்து, தூரத்தில் தெரிகிற கருப்பு யானையா புதரா என்று சொல்கிறவர் அவர்தான். துடைத்துக் கொடுத்ததும் வாசலில் நின்று எதிர்வீட்டு மாடிக் கொடியில் காயும் துணியை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்தி அடைந்தார். போகும்போது தன் தமிழில் சொன்னார்: “பூஸ்ட்டு மனுசன் குடிச்சா பலம் வருது. கண்ணாடி குடிச்சா யானை வருது.”

பழுத்திருச்சு

லூர்துவுக்கு லென்ஸைத் துடைத்து, டப்பாவும் கொடுத்து அனுப்பும்போது ஒன்றுதான் சொன்னேன்: ‘நிறம் மாறினால் எனக்குச் சொல்.’ மூன்றாம் வாரம் போன் வந்தது. ‘நல்லாப் பழுத்திருச்சும்மா. ஒண்ணும் கவலையில்ல’ என்றாள். அவள் வீட்டிலும் அரை ஏக்கர் மல்பெரி உண்டு, புழு வளர்ப்பு உண்டு. கூடு கட்டத் தயாரான புழுவைப் ‘பழுத்த புழு’ என்பார்கள். நிறம் மாறி, உடம்பு கண்ணாடியாகிவிடும். புழு பழுத்த சந்தோஷத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, நானும் ‘ரொம்ப சந்தோஷம் லூர்து’ என்று வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி துண்டு மூட்டையோடு வந்தாள். லென்ஸ் ஓரத்தில் மறுபடி வேர். எனக்கு வெட்கமாகிவிட்டது. என்னை நம்பி ஒருத்தி நாற்காலியைப் பணயம் வைத்திருக்கிறாள். மழைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. லென்ஸைத் துடைத்து நானே கையில் எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன்.

வித்தகத்தில் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, மருந்துத் தண்ணீரில் மிதித்து உள்ளே போனோம். டப்பா எங்கே என்றேன். பெருமையோடு கூட்டிப்போனாள். முட்டை வைக்கிற அறை. இரண்டு கதவு, சுவரோரம் நனைத்த கோணிச்சாக்கு, தரையில் தண்ணீர்ச் சட்டி. முட்டை காயக்கூடாது என்று ராப்பகலாக ஈரம் காக்கிற அறை. அங்கே விலையுயர்ந்தது எல்லாம் அந்த அறையில்தான் இருக்கும். மைக்ராஸ்கோப் இருக்கும் டப்பாவையும் அந்த மரியாதையில் அங்கே வைத்து, அங்கேயே திறந்து, அங்கேயே மூடியிருக்கிறார்கள். சுவரில் தொங்கிய ஈரமானியில் எண்பத்திரண்டு. டப்பாவைத் திறந்தேன். மணி அத்தனையும் அழகான ரோஜா நிறம்.

‘இதைத்தானே பழுத்திருச்சுன்னு சொன்னேன்’ என்றாள் லூர்து. காயாக நீலத்தில் கொடுத்தேன், பழுத்தபிறகுதான் வேலை செய்யும் என்று நாள் எண்ணிக் காத்திருந்திருக்கிறாள். புழுவோடு வாழ்கிறவளுக்கு நிறம் மாறுவது நல்ல சகுனம். தப்பு அவளுடையது இல்லை. நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்று நான்தான் சொல்லவில்லை. சொல்லைக் காது கொடுத்துக் கேட்கிறவள் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அது அன்றைக்கு அந்தத் தண்ணீர்ச் சட்டியில் விழுந்தது.

முனிராஜ் வந்தார். லென்ஸை ஆபீஸ் அறைக்கு மாற்றவேண்டும், இந்த அறை ஆகாது என்றேன். அவர் என்னையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய அப்பா கட்டிய அறை அது. குரலில் கோபத்தைவிட மனவருத்தம்தான் இருந்தது: “என்னா மேடம் இப்பிடி சொல்லிட்டீங்க. இதைவிட நல்ல ரூமு எங்கிட்ட கெடையாதே.”

திறக்காத டப்பா

நடுவில் ஒரு சின்னக் கதை. பர்கூர்ப் பக்கம் ஒரு தம்பி, கடன் இல்லாமல் சேர்த்துவைத்து வாங்கிய கேமராவுக்கு என்னிடம் டப்பா வாங்கினார். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, ‘முள் எப்படி?’ என்றேன். ‘நாப்பத்தி ரெண்டு, அசையவே இல்லீங்க’ என்றார். ‘படமெல்லாம் எப்படி வருகிறது?’ என்றேன். டப்பாவைத் திறந்ததே இல்லையாம். பூசணத்துக்குப் பிடிக்காத இன்னொன்று வெளிச்சம், அதனால் வாரத்துக்கு ஒருநாளாவது எடுத்துப் புழங்குங்கள் என்றேன்.

சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடிருந்தபோது நாங்கள் வாங்கிய வெண்பட்டு விரிப்பு ஒன்று இன்னும் பிரிக்காமல் என் பீரோவில் இருக்கிறது. அந்தத் தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தெறந்தா ஈரம் உள்ள போயிருமேன்னு எம்பையன் காதுகுத்துக்கே செல்போன்லதாங்க எடுத்தேன்.”

நாற்பது தாய்

மழை வந்தது. லென்ஸ் டப்பாவோடு ஆபீஸ் அறையில், உலர்ந்த மேசையில். மணி ரோஜாவானதும் லூர்து வீட்டுக்கு எடுத்துப்போய் வறுத்து நீலமாக்கிக் கொண்டுவருவாள். தினமும் மாலையில் எனக்கு ஒரு போன். ‘நாப்பத்தாறு’ என்பாள். ‘சரி’ என்பேன். அவ்வளவுதான் பேச்சு. தனியாக இருக்கிறவளுக்கு மழைக்காலத்து மாலையில் யாரோ ஓர் எண்ணைச் சொல்வதற்குப் போன் செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் அவளிடம் சொன்னதில்லை.

ஒருநாள் போன் மத்தியானமே வந்தது. ஒரு தொகுதியில் நாற்பது தாய்ப்பூச்சி பார்த்ததில் இரண்டில் மணி மினுங்குகிறதாம். விதிப்படி அந்தத் தொகுதி முழுவதையும் எரிக்கவேண்டும். வெளியே அந்த முட்டைக்காக விவசாயிகள் காத்திருக்கிறார்கள். முனிராஜ் வந்து பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘போன தடவ இருந்தது தெரியல, இந்தத் தடவ இல்லாதது தெரியுதா?’ என்று கேட்டிருக்கிறார். அந்த இரண்டு தாய்களின் சொட்டு வைத்த கண்ணாடித் துண்டுகளையும் ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, ஓசூர்ப் பக்கம் இருக்கிற வேறொரு வித்தகத்தில் காட்டிவரக் காரில் கிளம்பிவிட்டார். ‘அம்மா, நான் பாத்தது நெசந்தானே?’ என்றாள் லூர்து. நான் பார்க்காததை எப்படிச் சொல்ல? ‘முள் எவ்வளவு?’ என்றேன். ‘நாப்பத்தி நாலு.’ ‘சிலிக்கா மணி?’ ‘நீலம்.’ ‘அப்படியென்றால் கண்ணாடி பொய் சொல்லாது. மற்றது உன் கண். அதைப் பதினாறு வருஷமாக உனக்குத் தெரியும்’ என்றேன்.

நான்கு மணி நேரம் ஆயிற்று. அவள் தட்டு கழுவுகிற தொட்டிப் பக்கம் போய், யாரும் சொல்லாமலே பத்துத் தட்டு கழுவிப் பார்த்தாளாம், பழகிக்கொள்ளலாம் என்று. முனிராஜ் திரும்பி வந்து காரிலிருந்து இறங்காமலே, ஆட்களிடம் ‘எரிச்சிருங்க. லூர்து பாத்தது சரி’ என்றிருக்கிறார். அவர்கள் எரித்தார்கள். மாலையில் வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது. அழுதாயா என்று கேட்டேன். லூர்துமேரி சொன்னாள்: “இல்லம்மா. முட்டை எரிஞ்ச பொகை கண்ணுல பட்டுருச்சு. அதுவும் நல்லதுதான், கண்ணு இருக்குன்னு தெரிஞ்சிச்சு.”

அந்தப் பருவத்தில் அந்த வித்தகத்திலிருந்து போன முட்டையால் யாருக்கும் புழு சாகவில்லை. என் தொழிலில் கூட்டிக்கழித்துப் பார்த்தால் நான் நன்றி சொல்லவேண்டியவர்கள்தான் அதிகம். என் மணியை வேகவைத்துப் பார்த்த மாமியாரும் அதில் சேர்த்திதான். லூர்துமேரி இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்து தாய்ப்பூச்சி பார்க்கிறாள். முனிராஜ், லென்ஸை எந்த அறையில் வைக்கக்கூடாது என்று தான் கண்டுபிடித்த கதையை மற்ற வித்தகங்களுக்கெல்லாம் போய்ச் சொல்லிவருகிறார்; போன மாதம் என்னிடமே ஒரு மணி நேரம் விளக்கிச் சொன்னார்.